பெட்ரோல் எந்த இடத்தில் நின்றது?

ஆரணி, சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் பக்கத்துத் தறிவீடுகளில் பழைய கார் வைத்திருக்கும் அண்ணன்மார், அக்காமார், தம்பிமார் எல்லோருக்கும்,

உங்கள் வண்டிகள் எவை என்று ஊருக்கே தெரியும். காஞ்சிபுரத்துக்குச் சேலைக்கட்டு ஏற்றிப்போகும் ஆம்னி. அப்பா காலத்து வெள்ளை அம்பாசடர். பிள்ளைகள் புது கார் வாங்கிக் கொடுத்த பிறகும் விற்க மனம் வராத மாருதி 800. இந்த வண்டிகளைப் பற்றி டீக்கடையில் பேச்சு எழுந்தால் வரும் புகார் இரண்டுதான். "ஸ்டார்ட் ஆவுது, ஐடிலிங்ல நிக்குது, டாப் கியர் போட்டா திணறுது" என்பது ஒன்று. "கண்ணமங்கலம் தாண்டினா ஆஃப் ஆயிடுது, கொஞ்ச நேரம் விட்டா மறுபடி கெளம்புது" என்பது மற்றொன்று. அதற்கப்புறம் நடப்பதும் எல்லோருக்கும் ஒன்றேதான். ஒருவர் பம்ப் என்பார், பம்ப் மாறும். இன்னொருவர் கார்பரேட்டர் என்பார், அதைக் கழற்றிக் கழுவி மாட்டுவார்கள். கடைசியில் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு முழ நீள ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கும்.

தறியில் ஓர் இழை விட்டுப்போனால் பாவையே அறுத்துப் போடுகிறவர் உங்களில் யாருமில்லை. விழுதைப் பார்ப்பீர்கள், அச்சைப் பார்ப்பீர்கள், ஜக்கார்டு அட்டையைப் பார்ப்பீர்கள். காரிலும் அதையே செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். எந்தப் பாகத்துக்கும் காசு கொடுக்கும் முன்னால், டேங்கிலிருந்து கிளம்பிய பெட்ரோல் எந்த இடத்தில் நின்றது என்று கண்டுபிடியுங்கள். வீட்டு வாசலில், இரண்டு ஸ்பேனரும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் வைத்துக்கொண்டு பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அதே ஆண்டு மே மாதம் உத்தர்பாரா ஆலை மூடப்பட்டு அம்பாசடரும் நின்றது. கார்பரேட்டர் அதற்கும் வெகு முன்பே, 2000-ஐ ஒட்டி வந்த புகைக் கட்டுப்பாட்டு விதிகளோடு, புதுக் கார்களிலிருந்து விடைபெற ஆரம்பித்துவிட்டது. ஒரு காலத்தில் மறைமலை நகரில் யூகல் நிறுவனம் ஜப்பானின் மிகுனியோடு சேர்ந்து மாருதிக்குக் கார்பரேட்டர் செய்துகொண்டிருந்தது. அதைப் பிரித்துச் சேர்த்த கைகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. இன்றைய மெக்கானிக் தம்பிகள் கெட்டிக்காரர்கள், ஆனால் ஸ்கேனரோடு வளர்ந்தவர்கள். உங்கள் அம்பாசடரில் ஸ்கேனர் செருக இடமே கிடையாது. பாதி வேலையை நீங்களே முடித்து, "பெட்ரோல் பம்ப் வரைக்கும் வருது, பம்புக்கு மேல ஏறல" என்று சொல்லிக் கொடுத்தால் அந்தத் தம்பிக்கும் லாபம், உங்களுக்கும் லாபம். தவிர, 15 வயது தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 5,000 ரூபாய், 20 தாண்டினால் 10,000 ரூபாய் என்று அரசாங்கம் வாங்குகிறது. அவ்வளவு கொடுத்து வைத்துக்கொள்ளும் வண்டியில் ஊகத்துக்கு வேறு செலவழிப்பானேன்?

வேலையைத் தொடும் முன் நெருப்பு. இதில் உங்கள் ஊருக்கென்றே ஓர் ஆபத்து இருப்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே எழும்பிப் போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்த் தங்கும். உங்கள் வீடுகளில் பள்ளம் எது? குழித்தறி. வாசலையொட்டிக் காரை நிறுத்தி ஹோஸைக் கழற்றினால், சிந்தியதன் ஆவி நடையைத் தாண்டித் தறிக்குழிக்குள் இறங்கிவிடலாம். அங்கே பட்டு இருக்கிறது, மரம் இருக்கிறது, சுவிட்ச் போர்டு இருக்கிறது, சாமி விளக்கும் இருக்கலாம். நீரே உறையும் குளிரைவிட 40 டிகிரி கீழே போனாலும் தீப்பற்றக்கூடிய ஆவியை விடுகிற திரவம் பெட்ரோல். சித்திரை வெயிலில் அது என்ன செய்யும் என்று சொல்லவேண்டியதில்லை. அதனால் வண்டியை வீட்டைவிட்டுத் தள்ளி, திறந்த வெளிக்குக் கொண்டுபோங்கள். பாவு போட்டிருக்கும் தெருவும் வேண்டாம். என்ஜின் ஆறட்டும். பீடி, சிகரெட், செல்போன் பேச்சு எல்லாம் அப்புறம். ஒரு வாளி மணலும், முடிந்தால் தீயணைப்பானும் பக்கத்தில் இருக்கட்டும். தண்ணீர் உதவாது, பெட்ரோல் அதன்மேல் மிதந்து பரவும்.

ஆம்னிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் என்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அங்கே ஒரு ஹோஸ் கசிந்தால் ஆவி நிறைவது நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள். பெட்ரோல் வாசனை வந்தால் "பழகிப்போச்சு" என்று விடாதீர்கள். மற்ற எந்தக் குறையையும்விட அதை முதலில் பாருங்கள்.

குழாயை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கமும் போகட்டும். விழுங்கிய பெட்ரோலைவிட, இருமும்போது மூச்சுக்குழாயில் இறங்கும் கொஞ்சம் பெட்ரோல்தான் நுரையீரலைக் கெடுக்கும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கை பம்ப் வைத்த குழாய் ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் மலிவாகவே கிடைக்கிறது.

இனி வண்டி. முதலில், கோளாறு பெட்ரோலிலா மின்சாரத்திலா என்று பிரிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டி சட்டென்று, விளக்கை அணைத்தாற்போல் நின்றால் காயில், கண்டன்சர், வயர் பக்கம் சந்தேகப்படுங்கள். தள்ளாடி, இழுத்து, விட்டு, மறுபடி கொஞ்சம் இழுத்து மெல்லச் சாகிறது என்றால் பெட்ரோல் பக்கம். பெரும்பாலும் இந்தக் கணக்கு பொய்க்காது. ஆனால் சூடானால் மட்டும் செத்து ஆறினால் பிழைக்கும் காயிலும் உண்டு. அது பெட்ரோல் கோளாறு மாதிரியே நடிக்கும்.

அந்த நடிப்பைப் பிடிக்க ஒரு வழி, வண்டி நின்ற இடத்திலேயே சோதிப்பது. வீட்டுக்கு இழுத்துவந்து மறுநாள் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். சாலையோரத்தில் நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து கார்பரேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் லீவரைக் கையால் ஒருமுறை இழுங்கள். உள்ளே மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீச்சினால் கார்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது, மின்சாரத்தைப் பாருங்கள். ஒன்றும் வராவிட்டால் கிண்ணம் காய்ந்திருக்கிறது, அல்லது அந்தப் பீச்சும் பாகமே கெட்டிருக்கிறது. இதைச் செய்யும்போது யாரும் செல்ஃப் அடிக்கக் கூடாது. என்ஜின் திருப்பித் தும்மினால் தீ வெளியே வருவது நீங்கள் குனிந்திருக்கும் அதே வாய் வழியாகத்தான். கார்பரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றி ஸ்டார்ட் செய்யும் வித்தைக்காரர்கள் புருவம் கருகியதும் இப்படித்தான்.

ஸ்பேனரே தேவைப்படாத இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு. இரண்டுமே சாலையில் செய்பவை. செய்யாறு ரோட்டில் வண்டி திணறும் அந்த நேரத்தில் சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். திணறல் குறைந்து வண்டி இழுத்தால், என்ஜினுக்குக் காற்று போதுமானது, பெட்ரோல்தான் குறைவு. சோக் இழுத்ததும் இன்னும் மோசமாகி, கரும்புகை வந்தால் கதை தலைகீழ். பெட்ரோல் அதிகமாகப் போகிறது. நீடில் வால்வு மூடாமல் கிடக்கலாம், ஃப்ளோட் ஓட்டையாகி உள்ளே பெட்ரோல் நிரம்பி மூழ்கியிருக்கலாம். ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டினால் உள்ளே திரவம் குலுங்குவது கேட்கும்.

மற்றது டேங்க் மூடி. டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரவேண்டும். வரும் வழி அடைத்துவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் நகராது. வண்டி நின்றவுடன் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்றை உள்ளே உறிஞ்சும் சத்தம் வந்து, அதன் பிறகு வண்டி ஒழுங்காக ஓடினால் மூடியோ, காற்றுக் குழாயோதான் குற்றவாளி. பழைய மூடி தொலைந்து, ஓட்டையில்லாத வேறு மூடியை மாட்டிக்கொண்ட வண்டிகளில் இது சர்வ சாதாரணம். இதற்குப் போய்ப் பம்ப் மாற்றியவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

இவற்றில் அகப்படாவிட்டால்தான் ஹோஸைக் கழற்ற வேண்டும். பம்பிலிருந்து கார்பரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கார்பரேட்டர் பக்கம் கழற்றி, நீளமான இன்னொரு ஹோஸை இணைத்து, என்ஜினுக்கு எட்டத் தரையில் வைத்த கேனுக்குள் விடுங்கள். காயிலுக்கு வரும் மெல்லிய வயரைக் கழற்றிவிடுங்கள், பொறி வரக்கூடாது. இப்போது ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும், மற்றவர் கேனைப் பார்க்கட்டும். மெக்கானிக்குகள் ஏ.சி. பம்ப் என்று சொல்லும் அந்த டயாஃப்ரம் பம்ப், என்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் ஒருமுறை அடிக்கும். நல்ல பம்ப் தடிமனாக, விட்டு விட்டுத் துடித்துப் பீய்ச்சும். நன்றாக வந்தால் பம்ப் வரைக்கும் வழி சுத்தம், கோளாறு கார்பரேட்டருக்குள். சொட்டுச் சொட்டாக வந்தாலோ நுரையும் குமிழியுமாக வந்தாலோ கோளாறு பம்பிலா, அதற்குப் பின்னாலா?

பிரிக்க ஒரே வழி டேங்கை விலக்கிவிடுவது. பம்புக்கு உள்ளே வரும் ஹோஸைக் கழற்றி அதன் முனையை அடைத்துவிட்டு, பம்பின் அந்த மூக்கில் ஒரு புது ஹோஸை மாட்டி, சுத்தமான பெட்ரோல் உள்ள கேனில் விடுங்கள். கேன் பானட்டுக்குள் இருக்கவே கூடாது, சைலன்சர் பக்கமும் கூடாது. மறுபடி செல்ஃப். இப்போது துடித்துப் பீய்ச்சினால் பம்ப் நல்ல பம்ப். குற்றம் அதற்கும் டேங்குக்கும் நடுவில்: ஹோஸ், ஃபில்டர், இரும்புக் குழாய், டேங்குக்குள் இருக்கும் வலை. இப்போதும் வராவிட்டால் பம்பை மாற்றலாம்.

நடுவில் உள்ள வழியில் ஏமாற்றுவது ஹோஸ். டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸில் வெடிப்பு விழுந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாது. பம்ப் உறிஞ்சும் பக்கம் என்பதால் வெடிப்பு வழியாகக் காற்று உள்ளே போகும். தரை காய்ந்திருக்கிறது, அதனால் கசிவு இல்லை என்று தீர்மானித்துவிடாதீர்கள். குமிழி வந்ததென்றால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். ஹோஸை மடக்கிப் பாருங்கள், கீறல் கண்ணுக்குத் தெரியும். ஆம்னியைக் கேஸுக்கு மாற்றியிருந்தால் வழியில் பெட்ரோலுக்கென்று ஒரு சொலனாய்டு வால்வு இருக்கும். சுவிட்சைப் பெட்ரோலுக்குத் தள்ளும்போது அதில் "டிக்" சத்தம் வராவிட்டால் தேடல் அங்கேயே முடிந்தது.

மாருதி பம்பில் மூன்று மூக்கு உண்டு: உள்ளே வருவது, கார்பரேட்டருக்குப் போவது, மிச்சம் டேங்குக்குத் திரும்புவது. கழற்றும் முன் ஒவ்வொரு ஹோஸிலும் வெவ்வேறு நிறத்தில் பட்டுநூல் கட்டிவிடுங்கள். நிறத்துக்கா உங்கள் வீட்டில் பஞ்சம்? இடம் மாற்றி மாட்டிவிட்டுப் புதுப் பம்பும் கெட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டியிருக்காது.

டேங்க் பக்கம் அடைப்பு என்று தெரிந்தால், கார்பரேட்டர் வண்டியில் மட்டும், ஃபில்டரை எடுத்துவிட்டு, டேங்க் மூடியைத் திறந்து வைத்து, பம்ப் பக்கத்திலிருந்து சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றைப் பின்னோக்கி விடலாம். டேங்குக்குள் குமிழி வெடிக்கும் சத்தம் கேட்கும். வண்டி ஓடும். இது முதலுதவிதான். கொஞ்ச தூரத்தில் அதே துரு மறுபடி வலையில் வந்து ஒட்டினால் டேங்கை இறக்கிக் கழுவத்தான் வேண்டும். டேங்க் ஓட்டையை வெல்டிங் வைக்க மட்டும் தெருமுனைக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். காலி டேங்க் என்பது ஆவி நிறைந்த டேங்க். நிறைந்ததைவிட அதுதான் பயங்கரமாக வெடிக்கும்.

கார்பரேட்டருக்குள்தான் கோளாறு என்றால் பெரும்பாலும் கிண்ணத்தின் அடியில் சேறு, ஜெட்டில் அடைப்பு. ஜெட்டில் கம்பி விடாதீர்கள். அந்தத் துளை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை கணக்குப் பார்த்துப் போட்டது. பித்தளை மெத்தென்றது. ஒருமுறை அகலமானால் அதன்பின் மைலேஜ் வராது. சரிகை இழை மெல்லியதுதானே என்று அதையும் விடவேண்டாம், அறுந்து உள்ளேயே நின்றுவிடும். கார்பரேட்டர் கிளீனர் அடித்து, காற்று அடித்தால் போதும்.

இனி எத்தனால். "இந்தப் புது பெட்ரோல்தான் எல்லாத்துக்கும் காரணம்" என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். பாதி உண்மை. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து 2025-இல் நாடு முழுக்கப் பரவியது. பழைய கார்பரேட்டருக்கு இதில் என்ன கஷ்டம்? ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் கூடுதலாக வேண்டும். ஜெட்டின் அளவு மாறாததால், கலப்பு எரிபொருளில் உங்கள் என்ஜின் எப்போதும் கொஞ்சம் பசியோடு ஓடும். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கென்று வடிவமைத்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021-இல் வந்த நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000–30,000 கிலோமீட்டர் ஓடிய பின் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமும் 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது.

ஆனால் எத்தனாலின் பசிக்கும் அடைப்பின் பசிக்கும் வித்தியாசம் இருக்கிறது. எத்தனாலால் வருவது காலையிலும் மாலையிலும், மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் ஒரே அளவில் இருக்கும். அடைப்பு அப்படியில்லை. ஐடிலிங்கில் தெரியாது, மேட்டில் தெரியும், மூன்று பேர் ஏறினால் தெரியும், வேகம் கூடக் கூடப் பெரிதாகும். இதைப் பிரித்துப் பார்க்காமல் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே அடைத்த ஃபில்டரோடு ஓட்டுபவர்கள் நிறையப் பேர். எத்தனால் உண்மையிலேயே செய்யும் கெடுதல் வேறு. டேங்கில் பல வருஷமாகப் படிந்த பிசினைக் கரைத்துக்கொண்டு வந்து ஃபில்டரை நிரப்பும். பழைய ரப்பரை ஊறவைத்து இளக்கும். தண்ணீரை ஈர்க்கும். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் வண்டியை மூடிப்போட்டு வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அடியில் இருப்பதைத்தான். ஃபில்டரில் இருப்பதைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தால் அடியில் தனியாக ஒரு கோடு தெரியும். தெரிந்தால் டேங்கைக் காலி செய்வது தவிர வழியில்லை. அதற்கென்று விற்கும் புட்டி மருந்துகளில் எனக்கு நம்பிக்கையில்லை.

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் மலை ஏறும்போது மட்டும் நிற்கும் வண்டிக்கு இது எதுவுமே காரணமாக இல்லாமல் இருக்கலாம். என்ஜின் சூட்டில் பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகிவிட்டால், ஆவியைப் பம்பால் தள்ள முடியாது. பழைய டிரைவர்கள் பம்ப் மேல் ஈரத்துணி போட்டது இதற்காகத்தான், அது இன்றைக்கும் செல்லும். ஆனால் தினமும் துணி போடும் நிலை வந்தால் ரேடியேட்டரைப் பாருங்கள், பெட்ரோல் குழாய் சைலன்சர் மேனிஃபோல்டை ஒட்டிப் போகிறதா என்றும் பாருங்கள்.

இன்ஜெக்ஷன் வந்த பிற்கால 800, ஆம்னி வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன ஹோஸ் வேலை எதையும் செய்ய வேண்டாம். அந்தக் குழாயில் பெட்ரோல் காற்றழுத்தத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு அழுத்தத்தில் நிற்கிறது, கழற்றினால் முகத்தில் அடிக்கும். நீங்கள் செய்யக்கூடியது, சாவியைத் திருப்பி, செல்ஃப் அடிக்காமல், பின்சீட்டுப் பக்கம் காது வைப்பது. இரண்டு மூன்று விநாடி "ம்ம்ம்" என்று பம்ப் முனகும். சத்தமே இல்லையென்றால் ஃப்யூஸையும் ரிலேயையும் பாருங்கள், மற்றதை மெக்கானிக்கிடம் விடுங்கள். டேங்கில் எப்போதும் கால்பங்காவது பெட்ரோல் வைத்திருங்கள். அந்தப் பம்ப்புக்குக் குளிர்ச்சி தருவது அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். நூறு நூறு ரூபாய்க்காகப் போட்டு ஓட்டுகிறவர்கள் வீட்டில்தான் அது சீக்கிரம் எரிகிறது.

ஹோஸ் வாங்கும்போது மீட்டர் கணக்கில் தொங்கும் சாதாரண ரப்பரை வெட்டி வாங்காதீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றது என்று சொல்லிக் கேளுங்கள். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று ஹோஸின்மேல் அச்சிட்டிருந்தால் எடுத்துக்கொள்ளலாம். கிளிப்பும் புதிதாக இருக்கட்டும்.

ஏ.சி. பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருந்ததாகக் கண்டுபிடித்தவர்கள் இன்னொரு வேலையும் செய்ய வேண்டும். கிழிந்த டயாஃப்ரம் வழியே பெட்ரோல் என்ஜின் ஆயிலுக்குள் இறங்கியிருக்கும். டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் அளவு கூடியிருந்தாலோ, நீர்த்துப்போய்ப் பெட்ரோல் வாசனை அடித்தாலோ வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிய பிறகு புதுப் பம்பை மாட்டுங்கள். இல்லாவிட்டால் சில நூறு ரூபாய் பம்போடு போகவேண்டியது பேரிங்கில் போய் நிற்கும். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் விடாதீர்கள். ஆயில் மாற்றும் கடையில் எடுத்துக்கொள்வார்கள், கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய கார்களோடு பழகிய உங்கள் நண்பன்